நடக்கிற கதையா?

பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கப் போகிறேன். வெளிநாட்டில் எம்.எஸ்சி. படிக்க ஆசை. அப்பாவோ, "இருக்கிற ஒரு காணியையும் விற்கவா?" என்கிறார்!
- மாணவி, திண்டிவனம்

காணியில் மல்லாட்டை விளையட்டும், நீங்கள் கிளம்புங்கள்! ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் விசாவுக்கு, ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை வங்கியில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் 'எல்லாம் இலவசம்' என்கிற ஏஜென்ட்டை நம்பாதீர்கள்.

அந்தப் பணமும் இல்லாதவர்கள்?
- வாசகர், மயிலம்

படிக்கச் சம்பளம் தருகிற இடத்தைத் தேடலாமே! இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் தொடங்கிய இயற்பியல் மையம், வளரும் நாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகையோடு ஓராண்டு டிப்ளமா தருகிறது. அமெரிக்காவில் இயற்பியல் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்தால், பெரும்பாலும் கட்டணத் தள்ளுபடியோடு மாதச் சம்பளமும் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அயலக உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது. விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் ஆதிதிராவிடர் நலப் பிரிவில் கேளுங்கள்.

விழுப்புரத்திலிருந்து கேம்பிரிட்ஜுக்கா? நடக்கிற கதையா?
- வாசகர், விழுப்புரம்

நடந்த கதை இல்லை, கப்பலில் போன கதை! சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் சந்திரசேகர், 1930இல் அரசு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது வயது 19. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்களின் எடைக்கு எல்லை உண்டு என்று கப்பலிலேயே கணக்குப் போட்டார். நோபல் பரிசு வந்தது 1983இல்.

கடைசியாக, திண்டிவனம் மாணவிக்கு: ஜெர்மனியில் படிக்க, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழை டெல்லியிலிருந்து வாங்க வேண்டும், அதற்கு நாளாகும். முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.