எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரில் திறன்களின் தேய்வு: ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

பழையது உசத்தியா, புதியது உசத்தியா என்ற வழக்கு பாட்டி வைத்த ரசத்தில் தொடங்கி, பாகவதர் பாட்டு வழியாக நடந்து, இன்று வீடியோ கேமில் வந்து நிற்கிறது. மாரோவிண்ட் ஆடி வளர்ந்த அண்ணனும் ஸ்கைரிம் ஆடி வளர்ந்த தம்பியும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் பாயசம் ஆறிவிடும். பாயசத்தைக் காப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை

பெதஸ்டா வெளியிட்ட அரீனா (1994), டாக்கர்ஃபால் (1996), மாரோவிண்ட் (2002), ஆப்லிவியன் (2006), ஸ்கைரிம் (2011) ஆகிய ஐந்தும் முதன்மை ஆதாரங்கள். ஆடியவர்களின் வாய்ச்சண்டை துணைமை ஆதாரம். கிளை ஆட்டங்கள், ஆய்வாளரின் உறக்கம் கருதி விலக்கப்பட்டன.

இயல் 1: வழி

மாரோவிண்டின் நாயகன் கைதியாகக் கப்பலில் வந்து செய்டா நீன் என்னும் சிற்றூரில் இறங்குகிறான். கையில் ஒரு கடிதக்கட்டு. அதை பால்மோராவில் கேயஸ் கோசேடஸ் என்பவரிடம் சேர்க்க வேண்டும். வீடு எங்கே? மதுக்கடையில் போய் விசாரி என்கிறார்கள். பனைமரத்தை விஞ்சிய காலுள்ள ஒரு பூச்சியின் முதுகில் கட்டணம் கொடுத்து ஏறிப் போய், ஊரில் நாலு பேரிடம் கேட்டுக் கதவைத் தட்டினால், சட்டை போடாத ஒரு பெரியவர் நிற்கிறார். பேரரசின் ஒற்றர் தலைவர் அவர்தாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதே இவ்வாட்டத்தின் இலக்கணம்.

ஆப்லிவியனில் திசைகாட்டியில் ஓர் அம்புக்குறி வந்தது. யாரையும் கேட்க வேண்டாம். குறி காட்டும் பக்கம் நடந்தால் போதும். ஸ்கைரிமில் அதுவும் போதாதென்று, தரையில் ஒளிக்கோடு போட்டு வழிகாட்டும் மந்திரமும் உண்டு.

இயல் 2: வாள்

மாரோவிண்டில் எலியை வெட்டுகிறோம். வாள் எலியின் உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் வருவதைக் கண்ணாரக் காண்கிறோம். ஆயினும் உள்ளே உருளும் பகடை, படவில்லை என்று தீர்ப்புச் சொல்கிறது. ஓடிக் களைத்து வந்தவனுக்குக் குறி இன்னும் தப்பும். ஆப்லிவியன் முதல் பட்டது பட்டதுதான். இவ்வியலில் தம்பி கட்சிக்கே வெற்றி. அண்ணன்கூட இங்கே இருமிவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

இயல் 3: சாவும் வாழ்வும்

கதைக்கு இன்றியமையாத ஆளை மாரோவிண்டில் கொன்றுவிடலாம். விதியின் இழை அறுந்துபோனதாக ஓர் அறிவிப்பு வரும். அழிந்த உலகில் தொடர விருப்பமானால் தொடரலாம். ஆப்லிவியனில் அத்தகையவர் வெட்டுப்பட்டு விழுந்து, சற்று நேரத்தில் எழுந்துவிடுவார். தவறு செய்யும் உரிமை பறிபோயிற்று என்பார் அண்ணன்.

அவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. மாரோவிண்டின் கடைக்காரர் இரவும் பகலும் நின்ற இடத்திலேயே நிற்பார். ஆப்லிவியனில்தான் அவருக்குச் சாப்பாடும் தூக்கமும் கிடைத்தன. ஸ்கைரிமில் ஒரு கூடையை எடுத்து அவர் தலையில் கவிழ்த்துவிட்டு, கண்ணெதிரே கடையைக் காலி செய்யலாம். கூடைக்குள் இருப்பவர் பார்க்க முடியாதல்லவா? பிழை போலத் தோன்றினும் இது தர்க்கம் பிசகாத பிழை.

இயல் 4: எண்

நாயகன் கற்கக்கூடிய திறன்கள் டாக்கர்ஃபாலில் 35, மாரோவிண்டில் 27, ஆப்லிவியனில் 21, ஸ்கைரிமில் 18. பதினைந்து ஆண்டில் 17 திறன்கள் தேய்ந்தன. காற்றில் மிதக்கும் மந்திரம் ஆப்லிவியனிலேயே போயிற்று. ஈட்டி வித்தையும் அப்போதே போயிற்று. இதே வேகத்தில் கணக்குப் போட்டால், மீதி 18-ம் 2027-இல் தீர்ந்து நாயகன் வெறுங்கையனாக நிற்பான். அறிவிப்பு 2018-இல் வந்த ஆறாம் ஆட்டத்துக்கு இக்கணக்கை ஆய்வாளர் அன்பளிப்பாக வழங்குகிறார்.

அண்ணன் கட்சி இங்கே கைதட்டும். தட்டுமுன் அரீனாவைப் பார்க்க வேண்டும். தொடரின் முதல் ஆட்டமான அதில் திறன் பட்டியலே கிடையாது. ஆக, பூஜ்யத்தை நோக்கித் தேய்வதும் பழமைக்குத் திரும்புவதும் ஒரே பயணம்.

முடிவுரை

அண்ணனுக்குப் பதினைந்து வயதில் மாரோவிண்ட் வாய்த்தது. தம்பிக்கு அதே வயதில் ஸ்கைரிம். இருவரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, பரீட்சை முடிந்த ஒரு கோடை விடுமுறையைப் பற்றிப் பேசுகிறார்கள். எனவே தீர்ப்பு: முதலில் ஆடியதே சிறந்தது, அடுத்தவன் முதலில் ஆடியது அடுத்தவனுக்குச் சிறந்தது. பாயசத்தைச் சூடாகக் குடிக்கவும்.