எல்லோருக்கும் 777

கூகுள் நம்மை வேவு பார்க்கிறது, இனி நம் தரவு நம் சர்வரில்தான் என்று மீட்டிங் போட்டு முழங்கிவிட்டு, மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசு தட்டிச் சொந்தமாகக் கேலண்டர் சர்வர் வைத்துக்கொள்கிற அலுவலகங்கள் உண்டு. நல்ல காரியம்தான். கால்டேவ் என்ற பொது நெறிமுறை 2007-லேயே வந்துவிட்டது. ராடிகேல் மாதிரி இலவச மென்பொருளும் இருக்கிறது. வெளியே இருந்து வேவு பார்த்தவனை விரட்டியாயிற்று. இனி அந்த வேலையைப் பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார், இலவசமாக.

அப்படியொரு ஆபீஸில் திங்கட்கிழமை காலை. கணக்குப் பிரிவுப் பெண் ஒருவர் தன் கேலண்டரில் ஒரு குறிப்பு சேர்க்கப் பார்க்கிறார். 403. பார்க்கலாம், எழுதக்கூடாதாம். தன் கேலண்டரில், தானே!

அட்மின் அண்ணன் வருகிறார். போனிலிருந்து அக்கவுண்டை எடுத்துவிட்டு மறுபடி சேர்க்கச் சொல்கிறார். சர்வரை ஒருமுறை அணைத்துப் போடுகிறார். பாஸ்வேர்டை மாற்றுகிறார். (பாஸ்வேர்டு தப்பென்றால் 401 அல்லவா வரும்? 403 என்றால் 'நீ யாரென்று தெரியும், ஆனாலும் கிடையாது' என்று பொருள். இதை அண்ணனிடம் யார் போய்ச் சொல்வது?) லாகைத் திறந்தால் யாருக்கு, எந்தப் பாதையில் மறுப்பு என்று ஒரே வரியில் கிடக்கிறது. திறக்கமாட்டார். கடைசியில் குலதெய்வத்தைக் கூப்பிடுகிறார்: சிமாட் 777.

அந்தக் கம்ப்யூட்டரில் லாகின் உள்ள எவரும் இனி எந்தக் கேலண்டர் கோப்பையும் திறக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். 403 மட்டும் அப்படியே நிற்கிறது. ஏனென்றால் கோளாறு அங்கே இல்லை.

ராடிகேலின் உரிமைக் கோப்பு மேலிருந்து கீழே படிக்கப்படும். முதலில் எந்த விதி பொருந்துகிறதோ அதோடு சரி. கீழே உள்ளதை அது திரும்பிப் பார்க்காது. சில நாள் முன்னால் எம்.டி., "யார் எப்போ ஃப்ரீன்னு எனக்குத் தெரியணும்" என்றார். விவரம் எதையும் காட்டாமல், ஃப்ரீயா இல்லையா என்பதை மட்டும் காட்டும் தனி உரிமை கால்டேவ் நெறிமுறையிலேயே இருக்கிறது. அண்ணன் அவ்வளவு தூரம் போகவில்லை. எந்தப் பயனரும் எந்தக் கேலண்டரையும் படிக்கலாம் என்று ஒரே வரி எழுதி, ஊழியர்களின் விதிகளுக்கெல்லாம் மேலே செருகினார். கேட்டது எம்.டி. ஒருவர், கிடைத்தது நேற்றுச் சேர்ந்த டிரெய்னி வரைக்கும். கேலண்டருக்குச் சொந்தக்காரியோ தன் வீட்டுச் சுவரில் ஆணியடிக்க வழியில்லாமல் நிற்கிறார், ஊர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தால்கூடப் போதும்: ராடிகேலின் உரிமை அமைப்பை நிறுவியபடியே விட்டால் அவரவர் கேலண்டர் அவரவருக்கு மட்டும்தான். மெனக்கெட்டுக் கெடுத்திருக்கிறார்.

சரிசெய்தது எப்படி? அந்த விதியைக் கீழே இறக்கவில்லை. 'படிக்கலாம்' பக்கத்தில் 'எழுதலாம்' என்றும் எல்லோருக்கும் சேர்த்துவிட்டார்.

"இப்போ பாருங்க மேடம்."

"வந்துடுச்சு சார்."

டிக்கெட் மூடப்பட்டது.

அந்தப் பெண் சேர்த்த குறிப்பு சர்வரில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. பூட்டும் இல்லை, குறியாக்கமும் இல்லை. திறந்தால் தலைப்பு வரியில் 'டாக்டர், ஸ்கேன்'. கூடவே தேதி, மணி. மறுநாள் லிஃப்டில் டீம் லீடர் பல்லிளிக்கிறார்: "என்னம்மா, ஏதாவது விசேஷமா?" அடுத்த மாதம் புது ப்ராஜெக்ட் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. கேட்டால், "உங்களுக்கு ஸ்ட்ரெஸ் வேண்டாமேன்னுதான்" என்று கருணை பொழிகிறார்கள். இதற்கு எங்கே போய்ப் புகார் கொடுப்பது? அனுமதி கிடைக்காதவர் கத்துவார், டிக்கெட் பிறக்கும். அளவுக்கு மீறி அனுமதி கிடைத்தவன் என்றைக்காவது கத்தியிருக்கிறானா? 'ஐயா, அடுத்தவர் ஸ்கேன் தேதி எனக்குத் தெரிகிறது, மறையுங்கள்' என்று எவனும் வரிசையில் நிற்பதில்லை. ஆகவே அண்ணனின் கணக்கில் பிழை பூஜ்யம். வருட இறுதியில் சிறந்த ஊழியர் விருதும் அவருக்கே.

அண்ணனுக்குப் பாவம் விஷயம் தெரியாது, கற்றுக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று பரிந்து வருகிறவர்கள் அந்த உரிமைக் கோப்பை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். எல்லோருக்கும் எல்லாம் என்ற அந்தப் புண்ணிய வரிக்கும் மேலே, கோப்பின் உச்சியில், இரண்டு விதிகள் இருக்கின்றன. எம்.டி.யின் கேலண்டரை எம்.டி. படிக்கலாம், எழுதலாம். வேறு எவருக்கும் எதுவும் கிடையாது. வரிசை சரி, பாதை சரி, ஒரு புள்ளி பிசகவில்லை.