எங்கள் குழுவை ஆரம்ப சுகாதார நிலையமாகத் தரம் உயர்த்துக!

அனுப்புநர்: நிர்வாகி, ‘பாசப் பறவைகள்’ குடும்ப வாட்ஸ்அப் குழு (உறுப்பினர்கள் 64, அதில் குட்மார்னிங் மட்டும் போடுவோர் 31).

பெறுநர்: இயக்குநர், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை, சென்னை.

பொருள்: மேற்படி குழுவை ஆரம்ப சுகாதார நிலையமாக அறிவித்து அரசாணை பெற்றுத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ‘பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது’ என்ற முத்திரையுடன் அதிகாலை 4.52க்கு வந்த செய்தி. நாளிடப்படாதது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, பிரஷர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது அரசு. பாராட்டுகிறோம். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் குழு மருத்துவத்தை மக்களின் தலையணைக்கடியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். உங்கள் பணியாளர் வருவதற்கு விடிய வேண்டும். எங்கள் சித்தப்பாவுக்கு அதுவும் வேண்டாம்.

எங்களிடம் எல்லாப் பிரிவுகளும் உண்டு. புற்றுநோய்ப் பிரிவில், எலுமிச்சை கீமோவைவிட 10,000 மடங்கு வலிமையானது என்று அமெரிக்க மருத்துவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். பெயர் போடவில்லை, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்டிருக்கிறார். சர்க்கரை நோய்ப் பிரிவு பெரிய அத்தையின் பொறுப்பில் உள்ளது. ராத்திரி நறுக்கி ஊறப்போட்ட வெண்டைக்காய்த் தண்ணீரைக் காலையில் குடிக்கிறார். இன்சுலினையும் விடாமல் போட்டுக்கொள்கிறார். சர்க்கரை இறங்கினால் பெருமை வெண்டைக்காய்க்கு; ஏறினால் பழி ஊசிக்கு. இவ்வளவு தெளிவான தணிக்கை முறை எந்த அரசு மருத்துவமனையிலும் இருக்காது.

தங்கள் துறைக்கும் எங்களுக்கும் பழைய பழக்கம் உண்டு. 2017 பிப்ரவரியில், ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வந்தீர்கள். நீங்கள் வருமுன், ஊசி ஆபத்து என்ற எங்கள் குரல் பதிவு வந்துவிட்டது. பேசியது யார், எந்த ஊர், தெரியாது. அழுதுகொண்டே பேசினார், அது போதாதா? ஊசி போடும் நாளாகப் பார்த்துப் பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல் வந்தது. முகாமை மார்ச் வரை நீங்கள் நீட்டிக்கவேண்டியதாயிற்று.

2020 ஏப்ரலில், பக்கத்து மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில், டிக்டாக் வீடியோவை நம்பிக் கொரோனாவுக்கு மருந்தென்று ஊமத்தை விதையைச் சாப்பிட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஊமத்தங்காய் உருண்டையாக, முள் முள்ளாக, டிவியில் காட்டிய வைரஸ் படம் மாதிரியே இருந்ததுதான் காரணம். வால்நட் பார்க்க மூளை மாதிரி இருப்பதால் மூளைக்கு நல்லது என்று வாரம் ஒருமுறை பகிர்பவர்கள் நாங்கள். எங்களால் அந்த ஆராய்ச்சி முறையில் குறை காண முடியவில்லை.

2018இல் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் தாய் இறந்துபோனார். அந்தச் செய்தியை எங்கள் குழுவில் யாரும் பகிரவில்லை. அதில் செய்முறை இல்லை.

தடைகள் வராமல் இல்லை. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2018இல் வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு போட்டது. ஏற்கெனவே பலமுறை சுற்றிய செய்தி என்றால் ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் என்று 2020இல் இன்னும் இறுக்கியது. பெரியப்பா காப்பி–பேஸ்ட் கற்றுக்கொண்டார். எழுபத்திரண்டு வயதில் அவர் கற்ற ஒரே தொழில்நுட்பம் அது. எச்சரிக்கைக்காக நிறுவனம் போட்ட இரட்டை அம்புக்குறியை நாங்கள் ஐஎஸ்ஐ முத்திரையாகவே பார்க்கிறோம். இத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்கள் என்றால் சும்மாவா?

சட்டச் சிக்கலும் இல்லை. சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்தால் சிறைவரை போகலாம் என்று 1954ஆம் ஆண்டிலிருந்தே ஒரு மத்தியச் சட்டம் இருப்பதாக வக்கீல் மச்சான் சொன்னார். நாங்கள் எங்கே விளம்பரம் செய்கிறோம்? அன்பில் பகிர்கிறோம். அதுவும் பெரியவர் ஒருவர் பகிர்ந்ததைத் தப்பு என்று சொன்னால், அது எங்கள் குழுவில் மருத்துவக் கருத்தாகாது; மரியாதைக் குறைவாகிவிடும்.

மக்கள் ஏன் எங்களிடம் வருகிறார்கள் என்று தாங்கள் கேட்கலாம். 67 நாடுகளின் கணக்கைத் தொகுத்து 2017இல் ‘பிஎம்ஜே ஓப்பன்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இந்தியாவில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குக் கொடுக்கும் நேரம் ஏறத்தாழ 2 நிமிடம் என்றது அது. செருப்பைக் கழற்றி, ஸ்டூலில் உட்கார்ந்து, நாக்கை நீட்டி உள்ளே இழுப்பதற்குள் சீட்டு கைக்கு வந்துவிடும். அடுத்த டோக்கன் முதுகுக்குப் பின்னால் நிற்கும். இந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாளைக்கு, கருவாடு சாப்பிடலாமா என்று கேட்க வாயெடுத்தால், ‘சாப்பாட்டுக்கு அப்புறம்’ என்ற பதில் வாசல்வரை துரத்திவந்து கிடைக்கும். எங்கள் யூடியூப் வைத்தியரோ ‘என் அன்புச் சொந்தங்களே’ என்று ஆரம்பித்துப் பதினெட்டு நிமிடம் பேசுகிறார். கருவாட்டுக்கே நாலு நிமிடம். தப்போ சரியோ, மனுஷர் உட்காரவைத்துப் பேசுகிறார்.

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் ஒரு சான்று தருகிறோம். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி பெரியப்பாவுக்கு நெஞ்சை அடைத்தது. முறைப்படி முதலில் குழுவில் தெரிவித்தார். இதயப் பிரிவு உடனே களமிறங்கியது. ‘மூச்சை இழுத்துப் பலமாக இருமவும்’ என்று மூன்று பேர். வெந்நீர் என்று இரண்டு பேர். இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு கொடுத்தால் அடைப்பு கரையும் என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர். கைகூப்பும் படம் போட்டவர்கள் கணக்கில்லை. பெரியப்பா இருமிக்கொண்டே எல்லாருக்கும் ‘நன்றி’ என்று டைப் செய்தார்.

இருமல் சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கிவந்து 108ஐ அழைத்தது அவருடைய மருமகள். அந்தப் பெண் நர்ஸ். ‘இதுக்கெல்லாம் ஆதாரம் என்ன மாமா?’ என்று ஒருமுறை கேட்டதற்காக எங்கள் குழுவிலிருந்து நீக்கப்பட்டவர். பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். வீடு திரும்பியதும் அவர் போட்ட முதல் குரல் பதிவு: ‘சரியான நேரத்துல இருமச் சொல்லி என் உயிரைக் காப்பாத்துன சொந்தங்களுக்கு நன்றி.’ பதிவு இணைக்கப்பட்டுள்ளது. மருமகள் குழுவின் அனுமதியின்றி ஆம்புலன்ஸை அழைத்தது குறித்த விசாரணை நிலுவையில் உள்ளது.

எனவே எங்கள் கோரிக்கைகள்:

1. குழு நிர்வாகிக்கு வட்டார மருத்துவ அலுவலர் அந்தஸ்தும், சித்தப்பாவுக்கு அதிகாலைப் பணிப்படியும் வழங்க வேண்டும்.

2. ‘ஆதாரம் என்ன?’ என்று கேட்பதை, பணியில் இருக்கும் அலுவலரைப் பணிசெய்ய விடாமல் தடுத்த குற்றமாகக் கருத வேண்டும்.

3. வதந்திக்கு மறுப்பு எழுதும் அதிகாரிகளை எங்களிடம் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். ‘சமூக ஊடகங்களில் உண்மைக்குப் புறம்பாகப் பரப்பப்பட்டுவரும் மேற்காணும் பொருள் தொடர்பாக’ என்று தொடங்கும் பிடிஎஃப்பை எங்கள் அத்தை திறந்தே பார்ப்பதில்லை. ‘அய்யோ, இதைக் குடிச்சிடாதீங்க!’ என்று தொடங்கினால் அரை மணி நேரத்தில் அமெரிக்காவரைக்கும் போகும்.

4. ஒவ்வொரு நோயாளியிடமும் மருத்துவர் பத்து நிமிடம் பேசும்படியும், கருவாட்டுக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லும்படியும், போதிய ஆட்களை நியமிக்கும் உத்தேசம் அரசுக்கு இருந்தால், அதை உடனே கைவிட வேண்டும். எங்கள் நிலையத்தை இழுத்து மூடவைக்கக்கூடியது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழு நிர்வாகி