மாமா பதில்கள்: மன்னார் வளைகுடா சிறப்பிதழ்

மங்களூரிலிருந்து ஒரு மக்காச்சோள விவசாயி: எங்கள் ஒன்றியத்தில் இருப்பது ஏரியும் கிணறும்தான். கொஞ்சம் தள்ளி வெலிங்டன் நீர்த்தேக்கம். எங்களிடம் போய் மன்னார் வளைகுடாவை ஏன் மாமா அளக்கிறீர்கள்?

பக்கத்து அரியலூரில் சுண்ணாம்புக்கல் தோண்டிய குழியை எட்டிப் பாருங்கள். அம்மோனைட், சிப்பி, கிளிஞ்சல் எல்லாம் கல்லாகிக் கிடக்கும். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் அங்கே குடியிருந்தது. அந்தச் செத்த கடலை அரைத்துத்தான் உங்கள் வீட்டுக்கு சிமென்ட் வந்தது. தெற்கே அவ்வளவு பொறுமை இல்லை. உயிரோடு இருந்த கடலையே வெட்டிச் சூளையில் போட்டார்கள்.

விருத்தாசலம் டீக்கடைக்காரர்: அப்படி என்னத்தை வெட்டினார்கள்?

பவளப்பாறையை. படகில் போய்க் கடப்பாரையால் பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவந்து சுண்ணாம்பாக்கினார்கள். 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. கடப்பாரை ஓய்வுபெற 2005 ஆனது. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது தண்ணீருக்கு அடியில். அலையைத் தடுத்த மதிலை நாம் விற்றுத் தின்றோம். மிச்சத்தை அலை வந்து வசூலித்துக்கொண்டது.

பத்தாம் வகுப்பு மாணவி, மங்களூர்: மாமா, பரீட்சைக்கு வேண்டும். சுருக்கமாகச் சொல்லுங்கள்.

தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை 21 தீவுகள். கடல்சார் தேசியப் பூங்கா 1986இல், 560 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றி உயிர்க்கோளக் காப்பகம் 1989இல், 10,500 சதுர கிலோமீட்டர். சுமார் 3,600 வகை உயிரினங்கள், அதில் 117 வகைப் பவளம். இரண்டு மதிப்பெண் முடிந்தது. ஐந்து வேண்டுமென்றால் "இந்தியாவின் முதல் கடல்சார் உயிர்க்கோளக் காப்பகம்" என்று ஒரு வரி சேர்த்து, பென்சிலால் அடிக்கோடு போடு மருமகளே.

வேன் ஓட்டுநர், தொழுதூர்: தனுஷ்கோடிக்குச் சவாரி போனேன். ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்கிறது, மறுபக்கம் குமுறுகிறது. என்ன கணக்கு?

வடக்கே பாக் விரிகுடா, ஆழம் குறைவு. தெற்கே மன்னார் வளைகுடா, ஆழம் அதிகம். உள்ளூரில் பெண்கடல், ஆண்கடல் என்பார்கள். மார்கழியில் வாடை அடிக்கும்போது போய்ப் பாருங்கள். பெண்கடல் ஆடும், ஆண்கடல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பெயர் வைத்தவர் கல்யாணமானவர்.

பால் சொசைட்டி உறுப்பினர், சிறுபாக்கம்: கடல்பசு பால் கறக்குமா?

கறக்கும், கன்றுக்கு மட்டும். சொசைட்டிக்கு ஊற்றாது. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். பெயரில்தான் பசு, சொந்தபந்தம் யானையோடு. மேய்வது கடற்புல். பெரிய வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கரையோரம் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் அதற்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். நாட்டிலேயே மேய்ச்சல் நிலத்துக்குப் பட்டா வாங்கிய முதல் பசு அதுதான்.

அதே வாசகர்: கடல்குதிரையில் ஆண்தான் பிள்ளை பெறுமாமே?

பெறும். பேறுகால விடுப்பு மட்டும் கிடையாது.

கட்சிக்காரர் ஒருவர், வேப்பூர்: கடல் அட்டை கடத்தல் என்று தினமும் செய்தி வருகிறது. அட்டையில் அப்படி என்ன இருக்கிறது?

சீன விருந்தில் அதற்குத் தனி மரியாதை. நம் நாட்டில் 2001 முதல் யானை, புலி இருக்கிற அதே அட்டவணையில் அதற்கும் இடம். அக்கரை இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம். நடுவில் ஒரு ராத்திரிப் படகுப் பயணம், அவ்வளவுதான் வியாபாரம். இன்னொரு சங்கதி. ஆபத்து வந்தால் சில வகை அட்டைகள் தம் குடலையே வெளியே கக்கிவிட்டுத் தப்பும். கட்சி மாறுகிறவர்களும் கொள்கையைக் கக்கிவிட்டுத்தான் வருகிறார்கள். அட்டைக்கு மறுபடி வளரும்.

பிளஸ் டூ மாணவன், திட்டக்குடி: குருசடைத் தீவில் பலனோகிளாசஸ் கிடைக்கிறது என்று உயிரியல் வாத்தியார் உருகுகிறார். புழுவுக்கு ஏன் இவ்வளவு புகழ்?

முதுகெலும்பு இல்லாத கூட்டத்துக்கும் உள்ள கூட்டத்துக்கும் நடுவில் நிற்கிற பிராணி அது. முதுகுத்தண்டு போல ஒன்று தெரியும், ஆனால் அது தண்டு இல்லை. இதைப் பார்க்கக் குருசடைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை மருமகனே, எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம்.

நகைக்கடை ஊழியர், பெண்ணாடம்: கொற்கை முத்து இப்போது கிடைக்குமா?

ரோமானியர் காலத்து கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று, அங்கே முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்கிறது. ராணி கழுத்துக்கு முத்து, கைதி கழுத்துக்குக் கயிறு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. 1973இல் அங்கேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். கொற்கையோ தாமிரபரணி வண்டலில் கடலைவிட்டு விலகி உள்நாட்டு ஊராகிவிட்டது. உங்கள் கடையில் "கொற்கை முத்து" என்று யாராவது நீட்டினால் முதலில் பில்லைக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், இராமநத்தம்: பவளம் வெளுக்கிறது என்கிறார்களே, யார் சலவை செய்வது?

வெயில் ஐயா. பவளத்துக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. குடியிருப்பவர் வாடகைக்குப் பதிலாகச் சாப்பாடு சமைத்துப் போடுகிற வீடு அது. சித்திரை, வைகாசியில் கடல் நீர் முப்பது டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் வீட்டுக்காரர் குடித்தனத்தைத் துரத்திவிடுவார். நிறம் போகும், சாப்பாடும் போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் குடித்தனம் திரும்பும், இல்லையென்றால் வீட்டுக்காரருக்குச் சாவு. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடா பலமாக வெளுத்தது. வெறும் வெளுப்பு என்று நினைக்காதீர்கள், பட்டினி.

பீங்கான் பட்டறைக்காரர், விருத்தாசலம்: எங்கள் சூளைக்கும் அந்தக் கடலுக்கும் சம்பந்தம் உண்டா? சும்மா கேட்டேன்.

சும்மா கேட்டதுதான் இந்த வாரத்தின் உருப்படியான கேள்வி. பவளக்குஞ்சு நீந்தி வந்து ஒட்டிக்கொள்ளச் சொரசொரப்பான தளம் வேண்டும். வெட்டிய இடத்தில் உடைசலும் மணலும்தான் மிச்சம், அங்கே கால் ஊன்ற முடியாது. தூத்துக்குடிப் பக்கம் தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது, மீனும் பவளமும் வந்து ஒட்டின.

ஹாங்காங்காரர்கள் 2020இல் இன்னொரு வேலை செய்தார்கள். ஹோய் ஹா வான் கடற்பூங்காவில் சுட்ட களிமண் ஓடுகளை மடிப்பு மடிப்பாக அச்சிட்டு, கடலடியில் பரப்பி, மேலே பவளத்துண்டுகளை நட்டார்கள். நீங்கள் அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் சுடுகிறீர்கள். ஊரிலேயே பீங்கான் தொழில்நுட்பம் படிக்க அரசு நிறுவனம் இருக்கிறது. மண் உண்டு, சூளை உண்டு, கை உண்டு. தூத்துக்குடிக்கு ஒரு கடிதம்தான் பாக்கி. தபால்தலை நான் தருகிறேன்.

மகளிர் குழுத் தலைவி, மங்களூர்: பாசி எடுக்கும் பெண்களைத் தடை செய்கிறார்களாமே, அவர்களால்தான் கடல் கெட்டதா?

விரல் நுனியில் துணியைச் சுற்றி, சேலைக்கு மேல் டீ-சர்ட் போட்டு, மூச்சைப் பிடித்து மூழ்கி, கையால் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறவர்கள் அவர்கள். அதிலிருந்து வரும் அகார், ஆய்வுக்கூடத் தட்டிலும் இருக்கிறது, இனிப்பு ஜெல்லியிலும் இருக்கிறது. பூங்கா எல்லை அறிவித்ததும் பாட்டி காலத்துத் தொழில் அத்துமீறல் ஆகிவிட்டது. அடியோடு வாரிக்கொண்டு போகும் இழுவலை விசைப்படகை நிறுத்துவது கஷ்டம், மூழ்கி எழுந்த பெண்ணைக் கரையில் நிறுத்திக் கேட்பது சுலபம். சட்டம் சுலபமானதையே முதலில் செய்யும்.

அதே தலைவி: அப்படியானால் பாசியை வளர்க்கலாமே?

வளர்க்கிறார்கள், மூங்கில் மிதவையில். ஆனால் வளர்க்கிற கப்பாஃபைகஸ் வெளிநாட்டு விருந்தாளி. 2008 வாக்கில் குருசடைப் பக்கம் பவளத்தின் மேல் ஏறிப் படர்ந்து மூச்சை அடைத்தது. விருந்தாளிக்குத் திண்ணை கொடுக்கலாம். கூடத்தில் பாய் விரித்தது தப்பு.

வழக்கறிஞர், விருத்தாசலம்: சேது சமுத்திரத் திட்டம் வருமா, வராதா?

1860இல் டெய்லர் என்ற வெள்ளைக்கார மாலுமி கேட்டது. 2005 ஜூலை 2இல் மதுரையில் தொடங்கி வைத்தார்கள். 2007இல் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2023 ஜனவரியில் சட்டமன்றம் மறுபடி தீர்மானம் போட்டது. கப்பல் கால்வாய்க்குத் திட்டமிட்ட ஆழம் 12 மீட்டர். கப்பல் போகிறதோ இல்லையோ, அரசியல் அதில் நன்றாகவே போய் வருகிறது. தூர்வாரிக் கலங்கும் மண்ணில் பவளமும் கடற்புல்லும் என்னாகும் என்று இரு தரப்பிலும் பேசுகிறவர் குறைவு. வாய்தா வாங்குவதில் உங்களுக்கே பாடம் எடுக்கும் வழக்கு இது.

ஐ.டி.ஐ. மாணவன், வேப்பூர்: குலசேகரன்பட்டினத்தில் ஏன் ராக்கெட் தளம்?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேரே போகலாம். 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். இலங்கையோடு உரசாமல் கடலில் போய்வரும் வசதி சின்ன ராக்கெட்டுக்குக் கிடைக்கப்போகிறது. மீனவருக்கு இன்னும் செய்து தரவில்லை.

பெண்ணாடம் வாசகி: அணு உலை, அனல் மின்நிலையம், துறைமுகம், எல்லாம் ஏன் அந்தக் கரையிலேயே?

உலையைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும், கடல் பில் அனுப்பாது. கூடங்குளத்தில் மட்டும் 1,000 மெகாவாட் உலை இரண்டு ஓடுகிறது, நான்கு கட்டுமானத்தில். மீனுக்கு ஓட்டு இல்லை என்பதும் ஒரு வசதி.

கல்லூரி மாணவர், விருத்தாசலம்: மணப்பாட்டில் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்குவது ஏன்?

1973 ஜனவரியில் 147 ஒதுங்கின, 2016 ஜனவரியில் எண்பதுக்கும் மேல். பைலட் திமிங்கிலம் என்ற இனம். கூட்டத்தைப் பிரியாது. வழிகாட்டி நோயிலோ குழப்பத்திலோ ஆழமில்லாத பக்கம் திரும்பினால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும் என்பது ஒரு விளக்கம். மீனவர்கள் இழுத்துக் கடலில் விட்டாலும் சில திரும்பி வந்தன. தலைவர் எங்கே போகிறார் என்று ஒருமுறை கேட்டுவிட்டுப் பின்னால் போகலாம்.

புதுமணத் தம்பதி, மங்களூர்: தேனிலவுக்கு அங்கே போகலாமா மாமா?

தாராளமாக. விருத்தாசலத்தில் ரயிலேறித் திருச்சி வழியாக மண்டபம் போங்கள். மாசி, பங்குனி நல்லது. ஆனி, ஆடிக் காற்றில் தென்கடல் கலங்கிவிடும், கண்ணாடித் தளப் படகில் குனிந்தால் உங்கள் முகம்தான் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், அப்போது போய் மீன் விலை கேட்டு மயங்கி விழாதீர்கள். பாறையில் கால் வைக்க வேண்டாம். கடைத்தெருவில் யாராவது பவளத்துண்டோ காய்ந்த கடல்குதிரையோ ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். விற்பவர் மட்டுமில்லை, வாங்குபவரும் சட்டப்படி குற்றவாளி.