ஏரிக்கடியில் உறங்கும் டிராகன்

எங்கள் வயதுக்காரர்களுக்கு செஸ்ஸூ ஹயகவா என்றால் கர்னல் சைட்டோதான். 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில் கைதிகளை வெயிலில் நிறுத்தி வதைக்கும் ஜப்பானிய அதிகாரி. சங்கரன்கோவிலுக்கு அந்த மாதிரிப் படமெல்லாம் வராது. மதுரைக்குப் போய், விக்டோரியா எட்வர்டு மன்றத்துக்குள் இருந்த ரீகல் தியேட்டரில் பார்க்கவேண்டும். சித்தப்பா கூட்டிப்போனார். இலங்கையில், கித்துல்கல ஆற்றங்கரையில் எடுத்த படம். ஜப்பானியர்கள் போட்ட, அந்தப் பாலம் வழியே போகும் ரயில்பாதையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். படத்தில் அவர்களைத் தேடினாலும் கிடைக்கமாட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் கர்னல், அந்தப் படத்துக்கு நாற்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் பெண்கள் கூட்டம்கூட்டமாய்ப் போய்ப் பார்த்த காதல் நாயகன். 1915இல் வந்த 'தி சீட்' என்ற மௌனப்படம் அவரை உச்சிக்குக் கொண்டுபோனது. அதிலும் வில்லன்தான்; கடன்பட்ட பெண்ணின் தோளில் சூடுபோடுகிற தந்த வியாபாரி. அமெரிக்க ஜப்பானியர்கள் கொதித்தார்கள். 1918இல் படத்தை மறுபடி வெளியிட்டபோது எழுத்து அட்டைகளை மட்டும் மாற்றி, அவரைப் பர்மாக்காரர் ஆக்கிவிட்டார்கள். பர்மாவுக்காக அங்கே கேட்க யார் இருந்தார்கள்? இப்படிப்பட்ட வேஷங்கள் வேண்டாமென்றுதான் அதே வருஷம் ஹயகவா சொந்தமாக 'ஹாவர்த்' கம்பெனி தொடங்கினார். 1919இல் அந்தக் கம்பெனி எடுத்தது 'தி டிராகன் பெயின்டர்'.

அந்தப் படத்தை இப்போது வீட்டுத் திண்ணையில், பேத்தியின் செல்போனில் பார்த்தேன். மலைக்காட்டில் பித்துப் பிடித்தவன்போலத் திரியும் ஓவியன் தட்சு. டிராகனாக மாறிவிட்ட இளவரசியைத் தேடி, ஆயிரம் வருஷமாய்க் காத்திருப்பதாகச் சொல்கிறவன். அன்னை கோமதி ஒற்றைக்காலில் தவமிருந்த எங்கள் சங்கரன்கோவில்காரர்களுக்கு அவனைப் புரிந்துகொள்ள விளக்கம் வேண்டியதில்லை. அவன் வரைந்த படத்தில் மலையும் ஏரியும்தான் இருக்கும். டிராகன் எங்கே என்று கேட்டால், ஏரிக்கடியில் உறங்குகிறது என்பான்.

"அப்ப அது நெசமாவே இருக்கா தாத்தா?" என்றாள் பேத்தி.

"அவனுக்கு இருக்கு தாயி."

அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்து அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். காதலி கிடைத்ததும் தட்சுவுக்கு வரைய வராமல் போகிறது. தூரிகையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார் ஹயகவா. முகத்தில் ஒரு தசை அசையவில்லை, கண் மட்டும் அலைகிறது. அன்றைய நடிகர்கள் கையையும் காலையும் ஆட்டிக்கொண்டிருந்த காலத்தில் இந்த அடக்கம்! காதலியாக வருபவர் அவர் மனைவி சுரு அவோகி.

என் தாத்தா மௌனப்படம் பார்த்தது எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த கொட்டகையில். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு உரத்த குரலில் கதை சொல்வாராம். ஜப்பானிலும் அப்படியொரு கதைசொல்லி உண்டு; 'பென்ஷி' என்பார்கள். தாத்தா பார்த்த கீசகனும் திரௌபதியும் இப்போது எந்தச் செல்போனிலும் கிடைக்கமாட்டார்கள். நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்தில் எடுத்த 'கீசக வதம்' தொடங்கி, சென்னையில் நூற்றுக்கும் மேற்பட்ட மௌனப்படங்கள் எடுத்தார்கள். அந்த நைட்ரேட் சுருள்கள் சட்டென்று தீப்பிடிக்கும்; வெள்ளிக்காகவும் கரைத்தார்கள். தென்னிந்திய மௌனப்படங்களில் மிஞ்சியது நாகர்கோவில் சுந்தர்ராஜ் 1933இல் தயாரித்த 'மார்த்தாண்டவர்மா' மட்டும். அதுவும் யாரும் போற்றிக் காத்ததால் இல்லை. பதிப்புரிமை வழக்கில் சிக்கிப் பறிமுதலானதால் பிழைத்து, 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

'டிராகன் பெயின்ட'ரும் தொலைந்துபோனதாக எழுதப்பட்ட படம்தான். பிரான்ஸில் ஒரு பிரதி கிடைத்தது. மீட்டெடுத்தார்கள். 2014இல் அமெரிக்கா அதைத் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. ஒரு பிரதியை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் வந்த வாழ்வு.

உங்கள் வீட்டுப் பரணில், மூடிக்கிடக்கும் தியேட்டரின் ஆபரேட்டர் அறையில், துருப்பிடித்த பிலிம் டப்பாவோ கொட்டகை நோட்டீஸோ பாட்டுப்புத்தகமோ இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சுருள் என்றால் புனே காப்பகத்துக்கும், காகிதம் என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் முதலில் ஒரு கடிதம் போடுங்கள்.