சர்க்கரை சேர்க்காத பாயசம்: குன்னம் வட்டத்தை முன்வைத்து ஒரு சொற்பிறப்பியல் ஆய்வு

வங்காளத்தில் பாயேஷ் என்றும் நம் பக்கம் பால் பாயசம் என்றும் வழங்கும் பண்டத்தைச் சர்க்கரை சேர்க்காமல் ஆக்க முடியுமா என்னும் வினா இதுகாறும் அடுப்படியிலேயே விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. தீராமல் கிடப்பதற்கு அதுவே காரணம். சர்க்கரை சேர்க்காத பாயசம் என்பது செய்முறையன்று, பெயரிடும் முறை என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஆய்வுக்களமாகப் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் தேர்ந்தெடுக்கப்பட்டது தற்செயலன்று. 2020இல் அங்கே குளத்தில் மண் எடுத்தபோது கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவிற்று. புவியியலாளர்களோ அவை அம்மோனைட் என்னும் பண்டைக் கடலுயிரியைச் சார்ந்த படிவுகள் என்றனர். கல்லுக்கும் பெயருக்கும் உள்ள தொலைவை இவ்வளவு துல்லியமாக அளந்து கொடுத்த வட்டம் வேறில்லை.

சர்க்கரை சேர்க்காதோர் நால்வகைப்படுவர். முதலாவது, தேன் ஊற்றுவோர், இவர்களை விட்டுவிடலாம். இரண்டாவது, பேரீச்சை அரைத்து விடுவோர்: அப்பழத்தில் பாதிக்கு மேல் சர்க்கரைதான் எனினும், கொட்டையை எடுத்துப் போட்டதில் எதையோ துறந்த நிறைவு இவர்களுக்கு உண்டு. மூன்றாவது, ஒன்றுமே போடாமல் பாலைச் சுண்டக் காய்ச்சுவோர். ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 48 கிராம் பால்சர்க்கரை இருக்கிறது. சுண்டினால் தண்ணீர் போகும், இது போகாது. வெளியிலிருந்து ஏதும் வராமல், தன்னையே திரும்பத் திரும்பக் காய்ச்சி இனிப்பேறும் இம்முறை, தம் முந்தைய கட்டுரைகளையே மேற்கோள் காட்டிப் பேராசிரியராகும் முறையை ஒத்தது (கரண்டி, 3: 14).

நான்காவது வகையினரே இவ்வாய்வின் நாயகர்கள்: வெல்லக் கட்சியினர். வங்காளிகள் குளிர்காலத்தில் ஈச்சமரச் சாற்றைக் காய்ச்சி நொலேன் குர் என்னும் வெல்லம் எடுத்து, கோபிந்தபோக் அரிசி வெந்த பாலை இறக்கிச் சூடு தணிந்தபின் அதைச் சேர்க்கிறார்கள். கொதியிலேயே போட்டால் பால் திரிந்துவிடக்கூடும். நம்மவர் இதிலும் ஒருபடி மேல். சர்க்கரைப் பொங்கலில் சர்க்கரை பெயரோடு நின்றுவிடுகிறது. பானைக்குள் போவது வெல்லம். மறுபுறம், அதே பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் இருப்பது சர்க்கரை ஆலை; கடைக்குப் போனால் கேட்பது சீனி. அச்சொல் சீன தேசத்தை நினைவூட்டுவது. சிலர் கேட்கும் அஸ்கா ஒடிசாவில் உள்ள ஊர். ஆக, வெள்ளைச் சர்க்கரை போடுவோரும் சொல்லளவில் ஒரு நாட்டையோ ஓர் ஊரையோதான் பாயசத்தில் போடுகிறார்கள். சர்க்கரையை இன்னும் யாரும் போடவில்லை.

அப்படியானால் சர்க்கரை எங்கே? ‘சர்கரா’ என்னும் வடசொல்லுக்குச் சரளை, பருக்கைக்கல் என்பன பொருள். இதை மனத்தில் இருத்திக்கொண்டு வெல்லப்பாகு வைக்கும் கையைக் கவனிக்க வேண்டும். அச்சுவெல்லத்தைத் தட்டி, அமிழத் தண்ணீர் விட்டு, கரைந்ததும் வடிகட்டியில் ஊற்றுகிறார்கள். பாகு இறங்கிவிடுகிறது. வலையில் தங்குவது கொஞ்சம் கரும்புச் சக்கை, கொஞ்சம் மண், நறுக்கென்று இரண்டு கல். சொற்பிறப்பியலின்படி அந்த இரண்டு கல்தான் சர்க்கரை! ஆகவே வடிகட்டிய வெல்லத்தில் செய்த பாயசமே உலகில் முறைப்படி சர்க்கரை நீக்கப்பட்ட ஒரே பாயசம். இம்முடிவுக்கு அரண் செய்யும் மூலச்சான்று கிடைத்துள்ளது (வெண்கலப் பானை, அடிப்பகுதி, தீய்ந்த ஏடு, இரண்டாம் சுரண்டல், கழுவுவதற்கு முந்தைய பதிப்பு. கழுவியபின் வந்த பதிப்பில் இப்பகுதி நீக்கப்பட்டிருப்பது பதிப்பாசிரியரின் சார்பைக் காட்டுகிறது).

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். வெல்லத்திலும் முக்கால் பங்குக்கு முன்பின்னாக அதே சுக்ரோஸ்தானே, இரும்புச்சத்து ஒரு கரண்டியில் எவ்வளவு வந்துவிடப் போகிறது என்பது வேதியியலார் மறுப்பு. ஒரு சொல்லின் வேர் கிடைத்த பிறகு அப்பொருளைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் நம் ஆய்வுலகில் இல்லை என்பதே அதற்கு விடை. இரண்டாவது மறுப்பு குளுக்கோமீட்டருடையது. அக்கருவி வெல்லம், சீனி, பேரீச்சை, வெறுஞ்சோறு என்று வேறுபாடு பாராட்டாமல் எண்ணை மட்டும் சொல்கிறது. வேர்ச்சொல் அறியாத கருவியோடு வாதிடுவது அறிஞர்க்கு அழகன்று எனினும், ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நாம் பெயர் மாற்றியதை அதற்கு யாரும் சொல்லவில்லை. பாலையும் குறைத்து, அரிசியையும் குறைத்து, இனிப்பே இல்லாமல் ஆக்கினால் அதற்கு அந்தக் கருவி ஓரளவு இணங்கும். ஆனால் அதன் பெயர் பாயசமன்று, கஞ்சி. அதற்கு ஆய்வாளர் தேவையில்லை.

எனவே வடிகட்டியில் தங்கிய அந்த இரண்டு கல்லையும் கொல்லையில் வீசிவிடாமல் பேணுதல் வேண்டும். ஆண்டுகள் பல கழித்துக் குன்னத்தில் யாரேனும் தோண்டும்போது அவை கிடைக்கும். முட்டை என்று செய்தி வரும். இல்லை, சர்க்கரை என்று நாம் மறுப்போம். வெல்லம் அதற்குள் தீர்ந்திருக்கும்.