ஏழு அடுக்குப் படிப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தின் 11 நிலைகளை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த வன்னியம்பட்டிப் பிள்ளைகளுக்கு, நெட்வொர்க்கிங் படிப்பில் வரும் ஓ.எஸ்.ஐ. மாதிரியின் 7 அடுக்குகள் எம்மாத்திரம்?

அந்தப் படிப்புக்குச் சான்றிதழ் தரும் சிசிஎன்ஏ தேர்வின் கட்டணம் 300 டாலர், நேரம் 120 நிமிடம். நிமிடத்துக்கு இரண்டரை டாலர் செலவழிக்கும் யோகம் ஊரில் வேறு யாருக்கு வாய்க்கும்? சான்றிதழ் 3 ஆண்டில் காலாவதி. அதனால் என்ன, பால்கோவாவைவிடத் தாங்குகிறதே!

தொடக்கநிலை வேலைக்கு 2 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். நியாயம்தான். பிள்ளையை ரவுட்டரோடு பால்வாடியிலேயே சேர்த்துவிடலாம். (பல் முளைக்குமுன் சேர்த்தால் ஒயரைக் கடிக்காது.)

ஒருவழியாகப் பையனுக்குச் சென்னையில் வேலை, ராத்திரி ஷிப்ட். முதல் அழைப்பு வருகிறது. கற்ற வித்தை மொத்தத்தையும் திரட்டிச் சொல்கிறான்: "ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

ஊரில் அவன் அம்மா டிவி பெட்டிக்குப் பார்க்கும் வைத்தியமும் அதுதான். கூடுதலாக ஒரு தட்டும் தட்டுவார்.